பாஸ்போர்ட், விசா, ஐடி: பார்டர் தாண்டுறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்குற கேள்விகள்

சொந்தக்காரங்க, கூட வேலை பாத்தவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு வருஷம் முழுக்க யாராவது ஒருத்தர் என்கிட்ட பாஸ்போர்ட் சந்தேகம் கேட்டுக்கிட்டே இருப்பாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போன்ல சொல்றத விட எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு தான் இது. ரூல்ஸ் நாட்டுக்கு நாடு வேற, அடிக்கடி மாறவும் செய்யும், அதனால நீங்க போற நாட்டோட அரசாங்க வெப்சைட்டையும் கிளம்புறதுக்கு முன்னாடி கண்டிப்பா பாத்துடுங்க. ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். நான் பாத்த வரைக்கும் நிறைய பேரு மாட்டுறது போய் இறங்குற ஊர் இமிகிரேஷன்ல இல்ல, கிளம்புற ஏர்போர்ட் செக்-இன் கவுண்டர்ல தான், அதுவும் தன் பாஸ்போர்ட்ல தானே படிச்சிருக்கக்கூடிய ஒரு வரியால.

பாஸ்போர்ட் டேட் இன்னும் முடியல, அப்புறம் எதுக்கு ஆறு மாசம் ஆறு மாசம்னு சொல்றாங்க?

எங்க சித்தி ஒருத்தங்க மகளோட பிரசவத்துக்குக் கிளம்பினாங்க, டிக்கெட் இருக்கு, விசா இருக்கு, குழந்தைக்குப் பின்னின ஸ்வெட்டர் கைப்பையில மேலாக்க இருக்கு. கவுண்டர்ல இருந்த பொண்ணு பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பாத்துட்டு விரல் விட்டு எண்ணுச்சு, நாலு மாசமும் சொச்சமும் தான் பாக்கி. அவங்க போற நாட்டுக்கு ஆறு மாசம் வேணும். அவ்வளவு தான், பெட்டி திரும்ப டிராலில ஏறிடுச்சு. குழந்தை பொறந்து பதினெட்டு நாள் கழிச்சு தான் அவங்களால போய்ச் சேர முடிஞ்சுது. அதை நினைச்சா எனக்கு இப்பவும் மனசு கேக்காது, ஏன்னா டிக்கெட் போட்டப்போ நானும் கூட இருந்தேன், யாருமே அந்தத் தேதியைப் பாக்கல.

காரணம் இது தான்: உள்ள வந்தவருக்கு உடம்பு சரியில்லாம போகலாம், பிளைட் நிக்கலாம், அப்போ பாஸ்போர்ட் காலாவதி ஆயிட்டா அவரைத் திருப்பி அனுப்புறது பெரிய சிக்கல். அதனால நிறைய நாடுகள் உள்ள நுழையுற நாள்ல இருந்து ஆறு மாசம் பாக்கி இருக்கணும்னு கேக்குது. அமெரிக்காவுக்கும் பொதுவா ஆறு மாசம் தான், ஆனா நூத்துக்கும் மேல நாடுகளோட ஒப்பந்தம் போட்டு அவங்களுக்கு மட்டும் தங்குற காலம் வரைக்கும் இருந்தா போதும்னு விட்டிருக்காங்க. தங்களுக்குள்ள பார்டர் செக்கிங்கை எடுத்துட்ட ஐரோப்பாவோட ஷெங்கன் நாடுகளுக்கு, அங்கருந்து கிளம்புற நாளுக்கு அப்புறம் மூணு மாசம்.

ஷெங்கன்ல இன்னொண்ணும் இருக்கு, இதுல நிறைய பேரு கோட்டை விடுறாங்க. பாஸ்போர்ட் கொடுத்த தேதி, நீங்க நுழையுற நாளுக்கு முந்தின 10 வருஷத்துக்குள்ள இருக்கணும். பிரிட்டன்ல 2018 செப்டம்பர் வரைக்கும் ரினியூ பண்ணினா பழைய பாஸ்போர்ட்ல மிச்சம் இருந்த மாசங்களை, 9 மாசம் வரைக்கும், புதுசுல சேத்துக் கொடுத்தாங்க. அப்படி 2017 மே 10ல கொடுத்த ஒரு பாஸ்போர்ட்ல முடியுற தேதி 2028 பிப்ரவரி 10னு இருக்கலாம், ஆனா 2027 மே 10 தாண்டினா அதை வச்சு ஷெங்கனுக்குள்ள போக முடியாது. முடியுற தேதியை மட்டும் பாத்துட்டு நிம்மதியா இருக்காதீங்க.

நான் வச்சிருக்குற கணக்கு, ஒன்பது மாசத்துக்குக் கீழ போயிட்டா எங்கயும் போற பிளான் இல்லாட்டியும் ரினியூவுக்குக் கொடுத்துடறது.

விசா வாங்கியாச்சு, அப்போ உள்ள விட்டே ஆகணும்ல?

இல்ல. விசாங்கிறது வாசல் வரைக்கும் வர்றதுக்குக் கொடுக்குற அனுமதி, கதவைத் திறக்கலாமா வேணாமான்னு முடிவு பண்றது வாசல்ல நிக்குற அதிகாரி தான். அதை விட முக்கியம், விசா முடியுற தேதியும் நீங்க தங்க வேண்டிய கடைசி நாளும் வேற வேற. அமெரிக்க விசால பத்து வருஷம்னு இருக்கும், ஆனா அந்தத் தடவை எவ்வளவு நாள் தங்கலாங்கிறது நீங்க நுழையும்போது போடுற ஐ-94ங்கிற பதிவுல வர்ற தேதி, அது தான் கணக்கு. ஷெங்கன் விசா ஸ்டிக்கரை எடுத்துப் பாருங்க, எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு 30 நாள் போட்டிருக்கும், பக்கத்துல தங்குற நாள்னு தனியா ஒரு கட்டத்துல 12னு இருக்கும். 12 நாள் தான் உங்களுக்கு. மிச்ச நாளெல்லாம் பயணத்தேதி கொஞ்சம் முன்ன பின்ன தள்ளிப் போனா சமாளிக்கக் கொடுத்தது.

90 நாள், 180 நாள்னு ஒரு கணக்கு சொல்றாங்களே, அது எப்படி?

ஷெங்கனுக்குள்ள குறுகிய காலம் தங்குறவங்களுக்கு எந்த 180 நாளை எடுத்தாலும் அதுல 90 நாளுக்கு மேல இருக்கக்கூடாது. இது ஜனவரி-ஜூன், ஜூலை-டிசம்பர்னு பிரிச்சு வச்ச கணக்கு இல்ல, நீங்க உள்ள இருக்குற ஒவ்வொரு நாளும் அன்னிக்கு இருந்து பின்னாடி 180 நாள் எண்ணிப் பாப்பாங்க. லீப் இல்லாத வருஷத்துல ஜனவரி 1 போய் மார்ச் 31 கிளம்பினா சரியா 90, திரும்ப நுழையக்கூடிய முதல் நாள் ஜூன் 30. போற நாள், கிளம்புற நாள் ரெண்டையும் சேத்து எண்ணணும், ராத்திரி பதினொன்றரைக்கு இறங்கினாலும் அது ஒரு முழு நாள். ஒரு நாள் விட்டுட்டு எங்கயாவது வெளிய போய் வந்தா கணக்கு புதுசா ஆரம்பிக்கும்னு சிலர் நம்புறாங்க, அது தப்பு. 2025 அக்டோபர் 12ல இருந்து அங்க முத்திரைக்குப் பதிலா கைரேகையும் முகமும் எடுத்து கம்ப்யூட்டர்லயே பதிவு பண்ற முறையைப் படிப்படியா கொண்டு வர ஆரம்பிச்சாங்க, இனி முத்திரை மங்கலா இருக்கு, அதிகாரி கவனிக்க மாட்டாருன்னு எல்லாம் யாரும் இருக்க முடியாது. 12 வயசுக்குக் கீழ உள்ள பசங்களுக்குக் கைரேகை கிடையாது.

விசாவே வேணாம்னு சொன்னாங்க, பாஸ்போர்ட் மட்டும் எடுத்துட்டுப் போனா போதுமா?

விசா வேணாம்னா எதுவுமே வேணாம்னு அர்த்தம் இல்ல. அமெரிக்காவுக்கு எஸ்டா, கனடாவுக்கு ஈடிஏ, பிரிட்டனுக்கு ஈடிஏன்னு ஆன்லைன்ல முன்கூட்டியே வாங்க வேண்டிய அனுமதி இருக்கு. இது உங்க பேருல இருக்குன்னு நினைச்சுக்குவீங்க, ஆனா உண்மையில அது உங்க பாஸ்போர்ட் நம்பரோட கட்டிப் போட்டது. பாஸ்போர்ட்டை மாத்தினா அனுமதியும் போச்சு, புதுசா போடணும். எஸ்டா 2 வருஷம் செல்லும், அதுக்குள்ள பாஸ்போர்ட் முடிஞ்சா அன்னியோட அதுவும் முடிஞ்சுது.

தேடும்போது முதல்ல வர்ற வெப்சைட் எல்லாம் அரசாங்க வெப்சைட் இல்லைங்க. கொடியும் முத்திரையும் போட்டு அச்சு அசலா அப்படியே இருக்கும், அதே பாரத்தை வாங்கி பல மடங்கு காசு புடுங்கிட்டு, சில நேரம் பாரத்தையே போடாம விட்டுடுவாங்க. முகவரியை எழுத்து எழுத்தா படிங்க, தூதரக வெப்சைட்ல கொடுத்திருக்குற லிங்க் வழியா போறது நல்லது.

நடுவுல ஒரு ஏர்போர்ட்ல மூணு மணி நேரம் தான் நிக்குறேன், அதுக்கும் விசாவா?

சில நேரம் ஆமா. மூணு விஷயம் பாக்கணும், எந்த நாடு, உங்க பாஸ்போர்ட் எந்த நாட்டுது, டிக்கெட் ஒண்ணா ரெண்டா.

அமெரிக்காவுல உள்ளயே இருந்து பிளைட் மாறுற வசதியே கிடையாது, யாரா இருந்தாலும் இமிகிரேஷன் தாண்டி வெளிய வந்து தான் திரும்ப ஏறணும், அதனால பெரும்பாலான வெளிநாட்டுக்காரங்க விசாவோ எஸ்டாவோ இல்லாம அது வழியா போகவே முடியாது. ஷெங்கன்ல இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் உள்பட 12 நாட்டுக்காரங்க ஏர்போர்ட்டை விட்டு வெளிய வராட்டியும் தனியா டிரான்சிட் விசா வாங்கணும், அங்கயே ரெசிடென்ஸ் பெர்மிட் வச்சிருக்கவங்களுக்கு எல்லாம் விதிவிலக்கு உண்டு. அப்புறம் ஒரே பயணத்துல ரெண்டு ஷெங்கன் ஏர்போர்ட் வந்தா, பாரிஸ்ல இறங்கி பிராங்க்பர்ட் போய் அங்கருந்து வேற கண்டம் போற மாதிரி இருந்தா, பாரிஸ்லயே நீங்க ஷெங்கனுக்குள்ள நுழைஞ்சவங்க ஆயிடறீங்க, ஏன்னா பாரிஸ்-பிராங்க்பர்ட் உள்ளூர் பிளைட் மாதிரி. அதுக்கு முழு ஷெங்கன் விசா வேணும்.

ரெண்டு தனித்தனி டிக்கெட் தான் பெரிய ஆபத்து. மலிவா இருக்கேன்னு ரெண்டு பிளைட்டையும் வேற வேற ஏர்லைன்ல போட்டுடறாங்க, முதல் ஏர்லைன் உங்க பெட்டியை நடு ஊர்லயே பெல்ட்ல போட்டுடும், அதை எடுக்க இமிகிரேஷன் தாண்டணும், தாண்ட விசா வேணும். முதல் கவுண்டர்லயே ஏத்த மாட்டாங்க, ரெண்டாவது டிக்கெட்டும் போயிடும்.

கவுண்டர்ல இருக்கவங்களுக்கு என்ன வந்துச்சு? இமிகிரேஷன் வேலையை இவங்க ஏன் பாக்குறாங்க?

டாக்குமென்ட் இல்லாதவரை ஏத்திட்டுப் போனா பல நாடுகள் ஏர்லைனுக்கு அபராதம் போடும், அவரைத் திருப்பிக் கொண்டு வர்ற பொறுப்பும் ஏர்லைனுக்குத் தான். அதனால அவங்க ஐயாட்டாங்கிற ஏர்லைன்கள் சங்கத்தோட டைமாட்டிக்ங்கிற டேட்டாபேஸ்ல உங்க குடியுரிமை, போற நாடு, டிரான்சிட் எல்லாம் போட்டுப் பாத்து அது சரின்னு சொன்னா தான் போர்டிங் பாஸ் கொடுப்பாங்க. அவங்ககிட்ட சண்டை போட்டு எதுவும் மாறாது. அரசாங்க வெப்சைட்ல இருக்குற விதியை அச்செடுத்து கையில வச்சிருந்து மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லிக் காட்டுங்க, அப்படி நிலைமை மாறினதை நான் பாத்திருக்கேன்.

டிக்கெட்ல பேரு லேசா மாறியிருக்கு, பரவாயில்லையா?

பரவாயில்லைனு யாரு சொன்னாலும் நம்பாதீங்க. பாஸ்போர்ட்ல போட்டோ இருக்குற பக்கத்துக்குக் கீழ ரெண்டு வரி அம்புக்குறியா நிறைஞ்சு இருக்கும் பாருங்க, ஒவ்வொண்ணும் 44 எழுத்து, மெஷின் படிக்குற வரி அது. முதல் வரியில குடும்பப்பேரு, ரெண்டு அம்புக்குறி, அப்புறம் சொந்தப்பேரு. டிக்கெட் போடும்போது மேல அழகா அச்சடிச்சிருக்குறதை விட இந்த வரியைப் பாத்துப் போடுங்க, ஏன்னா எங்க போனாலும் மெஷின் இதைத் தான் படிக்கும்.

ரெண்டாவது வரியில பாஸ்போர்ட் நம்பர், பொறந்த தேதி, முடியுற தேதி, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒட்டினாப்ல ஒரு ஒத்தை எண். அது சரிபாக்குற எண். 1985 ஜூன் 17ல பொறந்தவருக்கு 850617னு இருக்கும், ஒவ்வொரு எண்ணையும் வரிசையா 7, 3, 1, திரும்ப 7, 3, 1ஆல பெருக்கிக் கூட்டினா 123, கடைசி எண் 3, அது தான் பக்கத்துல நிக்கும். உங்க பாஸ்போர்ட்டை எடுத்து வச்சுப் போட்டுப் பாருங்க, சரியா வரும். ஐநாவோட ஐகேஓங்கிற விமானப் போக்குவரத்து அமைப்பு உலகம் பூரா ஒரே மாதிரி இருக்கணும்னு வகுத்த முறை இது, ஒரு எண்ணை யாராவது சுரண்டி மாத்தினா கணக்கு இடிக்கும்.

ஒத்தைப் பேரு இருக்கவங்களுக்குத் தான் பாடு அதிகம். பாஸ்போர்ட்ல ஒரே பேரு, ஏர்லைன் பாரம் ரெண்டு கட்டம் நிரப்பாம நகர விடாது. அமெரிக்க விசால சொந்தப்பேரு இல்லாட்டி எஃப்என்யூன்னு போட்டுக் கொடுப்பாங்க, சொந்தப்பேரு தெரியலங்கிறதோட சுருக்கம் அது, யாரோட பேரும் இல்ல. 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகம் ஒத்தைப் பேரு பாஸ்போர்ட் வச்சிருக்கவங்களுக்கு விசிட் விசால அனுமதி இல்லைன்னு சொன்னப்போ எத்தனை பேரு பதறினாங்க. முடிஞ்சா பாஸ்போர்ட்லயே பேரை ரெண்டாப் பிரிச்சு மாத்திக்கோங்க. முடியாட்டி அந்த ஏர்லைன்கிட்ட ஒத்தைப் பேரை எப்படிப் போடணும்னு எழுத்துல கேட்டு வாங்குங்க, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி கேப்பாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் பேரு மாத்தினவங்க, பாஸ்போர்ட்ல பழைய பேரு இருக்குற வரைக்கும் டிக்கெட்டும் பழைய பேருல தான்.

பாஸ்போர்ட்ல சிப் இருக்காமே, பாக்கெட்ல இருக்கும்போதே யாராவது திருடிட முடியுமா?

அட்டையில நடுவுல ஒரு வட்டம் போட்ட சின்ன செவ்வகம் இருந்தா சிப் இருக்குன்னு அர்த்தம். மலேசியா தான் 1998ல முதல்ல இதைக் கொண்டு வந்துச்சு. சிப்பைத் திறக்க அந்த ரெண்டாவது வரியில இருக்குற நம்பர், பொறந்த தேதி, முடியுற தேதி மூணும் வேணும், அதனால தான் அதிகாரி முதல்ல பக்கத்தைத் திறந்து மெஷின்ல வைக்கிறார். மூடின பாஸ்போர்ட்டைத் தூரத்துல இருந்து படிச்சிடுவாங்கன்னு பயப்படாதீங்க. அதை விட யாருக்கு அந்தப் பக்கத்தோட போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்புறீங்கன்னு யோசிங்க.

பாஸ்போர்ட்டே இல்லாம வெறும் ஐடி கார்டுல எங்கயாவது போக முடியுமா?

முடியும், ஆனா உங்க குடியுரிமையைப் பொறுத்தது. ஐரோப்பிய யூனியன் குடிமக்கள் ஒருத்தர் நாட்டுக்கு ஒருத்தர் தேசிய ஐடி கார்டுல போகலாம். வளைகுடா கூட்டமைப்பு நாட்டுக் குடிமக்களுக்கும் அப்படித் தான். இந்தியர்கள் நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் வாக்காளர் அட்டையோட போகலாம். கென்யா, உகாண்டா, ருவாண்டா 2014ல இருந்து தங்களுக்குள்ள ஐடியை ஏத்துக்குறாங்க. டிரைவிங் லைசென்ஸ் குடியுரிமைக்குச் சான்று இல்ல, அதை நம்பிக் கிளம்பாதீங்க.

இருந்த வசதி போகவும் செய்யும். அமெரிக்காவும் கனடாவும் ரொம்ப காலம் தரை வழியா வர்ற தங்கள் குடிமக்களை வாய்மொழியா சொன்னாலே விட்டுட்டு இருந்தாங்க, 2009 ஜூன் 1ல இருந்து அமெரிக்கா பாஸ்போர்ட்டோ அதுக்குச் சமமான டாக்குமென்டோ கேக்குது. பிரிட்டன் 2021 அக்டோபர் 1ல இருந்து பெரும்பாலான ஐரோப்பிய ஐடி கார்டை ஏத்துக்குறது இல்ல. ஷெங்கனுக்குள்ள பார்டர்ல செக்கிங் இல்லைன்னாலும் பாஸ்போர்ட் கையில இருக்கணும், நாடுகள் தற்காலிகமா செக்கிங் போடுறது இப்போ சாதாரணமாயிடுச்சு.

குழந்தையை அம்மா மட்டும் தனியா கூட்டிட்டுப் போகலாமா?

போகலாம், ஆனா அப்பாவோட சம்மதக் கடிதம் எடுத்துட்டுப் போங்க, நோட்டரி கையெழுத்தோட இருந்தா ரொம்ப நல்லது. அப்பா மட்டும் கூட்டிட்டுப் போனாலும், தாத்தா பாட்டி கூட்டிட்டுப் போனாலும் இதே தான். குழந்தைக் கடத்தலைத் தடுக்கத் தான் கேக்குறாங்க, அந்தக் கேள்வியில கோபப்பட ஒண்ணும் இல்ல. அம்மா பேரும் குழந்தை பேரும் வேறயா இருந்தா பிறப்புச் சான்றிதழும் கூட வச்சுக்கோங்க. பெரியவங்க பாஸ்போர்ட்ல குழந்தை பேரைச் சேக்குற பழைய முறை பெரும்பாலும் ஒழிஞ்சுடுச்சு, கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் தான், அதோட காலமும் பல நாடுகள்ல 5 வருஷம் தான், அதைப் பாக்க மறந்துடறோம்.

வெளிநாட்டுல பாஸ்போர்ட் தொலைஞ்சா?

முதல்ல போலீஸ்ல புகார், அடுத்து உங்க நாட்டுத் தூதரகம். அவசரப் பயண ஆவணம் கொடுப்பாங்க, பெரும்பாலும் ஊர் திரும்ப மட்டும் தான் அது. போட்டோ காப்பி, ரெண்டு போட்டோ தனிப் பையில இருந்தா வேலை பாதியாக் குறையும்.

தொலைஞ்சுதுன்னு சொன்ன பாஸ்போர்ட் அப்புறமா பெட்டிக்கு அடியில கிடைச்சா அதுல பயணம் பண்ணாதீங்க! சொன்ன உடனே அது ரத்து ஆகி, 2002ல இருந்து இன்டர்போல் வச்சிருக்குற திருடுபோன, தொலைஞ்ச ஆவணங்களோட பட்டியலுக்குப் போயிடும். 2014ல காணாமப் போன எம்எச்370 விமானத்துல ரெண்டு பேரு அந்தப் பட்டியல்ல இருந்த திருட்டுப் பாஸ்போர்ட்ல ஏறியிருந்தாங்க, அன்னிக்கு யாரும் சரிபாக்கல. இப்போ பாக்குறாங்க, தன் சொந்தப் பாஸ்போர்ட்லயே மாட்டிக்கிட்டு மணிக்கணக்கா உக்காந்தவங்க இருக்காங்க.

தண்ணி பட்ட பாஸ்போர்ட், ஓரம் கிழிஞ்ச பாஸ்போர்ட் ஓடுமா?

போட்டோ பக்கத்துல சேதம்னா மாத்திடுங்க. சுற்றுலா இடங்கள்ல நினைவுக்குன்னு குத்துற முத்திரையை பாஸ்போர்ட்ல வாங்காதீங்க, அதை வச்சே ஏத்த மறுத்திருக்காங்க. காலிப் பக்கம் குறைஞ்சது ரெண்டு இருக்கணும்.

ரெண்டு குடியுரிமை இருந்தா எதைக் காட்டணும்?

ஒரு நாட்டுக்குள்ள எதுல நுழைஞ்சீங்களோ அதுலயே வெளிய வாங்க. அமெரிக்கா மாதிரி சில நாடுகள் தன் குடிமக்கள் தன் பாஸ்போர்ட்ல தான் வந்து போகணும்னு சட்டமே வச்சிருக்கு. ஏர்லைன் கவுண்டர்ல மட்டும், போற நாடு உங்களை எந்தப் பாஸ்போர்ட்ல உள்ள விடுமோ அதைக் காட்டணும்.

அகதியா இருக்கவங்க, நாடே இல்லாதவங்க எப்படிப் பயணம் பண்றாங்க?

இதை யாரும் பொதுவுல கேக்க மாட்டாங்க, தனியா மெசேஜ்ல தான் கேப்பாங்க, அதனாலயே கொஞ்சம் விரிவா சொல்றேன். முதல் உலகப்போருக்கு அப்புறம் ரஷ்யாவை விட்டு வந்த லட்சக்கணக்கானவங்களுக்கு எந்த நாடும் பாஸ்போர்ட் கொடுக்கல. நார்வேக்காரர் பிரிட்ஜோஃப் நான்சன் அவங்களுக்காக 1922ல ஒரு ஆவணத்தைக் கொண்டு வந்தார், நான்சன் பாஸ்போர்ட்னே அதுக்குப் பேரு. அந்த வழியில வந்தது தான் இன்னிக்கு இருக்குற அகதிகள் பயண ஆவணம், 1951 அகதிகள் உடன்படிக்கையோட 28வது பிரிவுப்படி, சட்டப்படி தங்க விட்ட நாடு கொடுக்கணும். நாடற்றவங்களுக்கு 1954 உடன்படிக்கை.

இது பாஸ்போர்ட் மாதிரியே இருக்கும், ஆனா பாஸ்போர்ட் இல்ல. விசா விலக்கு உங்களுக்கும் உண்டான்னு ஒவ்வொரு நாட்டுக்கும் தனியாப் பாக்கணும், குடியிருக்குற நாட்டோட பாஸ்போர்ட்டுக்கு இருக்குற சலுகை தானா வந்துடாது. ரொம்ப முக்கியம், எந்த நாட்டுல இருந்து தப்பி வந்தீங்களோ அந்த நாட்டுக்கு இதுல போகக்கூடாது, அந்த நாட்டுத் தூதரகத்துல போய் புது பாஸ்போர்ட் வாங்கினாலும் அகதி நிலையே கேள்விக்குறி ஆகலாம். அம்மா சாகக் கிடக்குறாங்கன்னு கேள்விப்பட்டுட்டு என்ன பண்றதுன்னு தெரியாம கேக்குறவங்களுக்கு என்னால சுலபமான பதில் சொல்ல முடியல. எந்த முடிவுக்கும் முன்னாடி அகதிச் சட்டம் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட பேசிடுங்க, டிக்கெட் அப்புறம்.

போன்ல காப்பி இருந்தா போதாதா?

பார்டர்ல போதாது. பின்லாந்து 2023ல டிஜிட்டல் பயண ஆவணத்தைச் சோதனை பண்ணிப் பாத்துச்சு, சிங்கப்பூர்ல முகத்தைக் காட்டியே கேட்டைத் தாண்டலாம், அங்கயும் பாஸ்போர்ட் பையில இருக்கணும்.

மஞ்சள் புக் ஒண்ணு கேக்குறாங்களே?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று. ஆப்பிரிக்காவுலயும் தென் அமெரிக்காவுலயும் அந்த நோய் இருக்குற நாடுகளுக்குப் போனாலோ, அங்கருந்து வேற நாட்டுக்கு வந்தாலோ கேப்பாங்க. ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத் தான் செல்லுபடி, 2016 ஜூலை 11ல இருந்து அது ஆயுசுக்கும் செல்லும். கடைசி வாரத்துல போட ஓடாதீங்க.

இமிகிரேஷன் அதிகாரி என்ன கேப்பார்?

எதுக்கு வந்தீங்க, எங்க தங்குறீங்க, எப்போ கிளம்புறீங்க. கேட்டதுக்கு மட்டும் உண்மையை சுருக்கமா சொல்லுங்க. தங்குற இடத்து முகவரி, ரிட்டர்ன் டிக்கெட் ரெண்டையும் பேப்பர்ல வச்சுக்கோங்க, இறங்கின உடனே போன்ல நெட் வராது. பதட்டத்துல உளறிடுவாங்கன்னு வயசானவங்களுக்கு வீட்டுல பதிலை மனப்பாடம் பண்ண வைக்கிறாங்க, வேணாம், மனப்பாடம் பண்ணது தான் சந்தேகத்தைக் கிளப்பும். மொழி தெரியாட்டி தமிழ் மட்டும் தான் தெரியும்னு சொல்லச் சொல்லுங்க, மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேக்குறது தப்பே இல்ல.

புது பாஸ்போர்ட் வந்தாச்சு, பழசைத் தூக்கிப் போட்டுடலாமா?

வேணாம், பத்திரமா வைங்க. பழசுல இருக்குற அமெரிக்க விசா சேதமாகாம இருந்தா அதோட தேதி வரைக்கும் செல்லும், புதுசையும் பழசையும் சேத்து எடுத்துட்டுப் போனா போதும். அப்புறம் என்னிக்காவது ஒரு விசா பாரத்துல கடந்த பத்து வருஷத்துல எந்தெந்த நாட்டுக்கு எந்தெந்தத் தேதியில போனீங்கன்னு கேப்பாங்க, அன்னிக்கு அந்த மங்கின முத்திரைகளைப் புரட்டித் தான் எழுதணும். எங்க சித்தியோட பழைய பாஸ்போர்ட்டும் முனை வெட்டி, புதுசோட சேத்து ரப்பர் பேண்ட் போட்டு, பேரனோட போட்டோவுக்குக் கீழ அலமாரியில இருக்கு.